பிரெஞ்சுப் புரி

(வானொலி இலக்கியத் தொடரில் ஒலிபரப்பான உரையின் எழுத்து வடிவம்)



பிரெஞ்சுக்காரர் எங்கள் திருகோணமலைத் துறைமுகத்துக்கு இரண்டு முறை படையோடு வந்தார்கள் என்று வரலாறு சொல்லும். 1672இல் வந்தவர்களை ஒல்லாந்தர் சில மாதங்களிலேயே துரத்திவிட்டனர். 1782இல் சுப்ரென் என்ற கடற்படைத் தளபதி வந்து ஒஸ்ரென்பேர்க் கோட்டையைப் பிடித்தார். அதே ஆண்டு செப்டெம்பர் 3ஆந் திகதி ஆங்கிலேயக் கப்பற்படையோடு இந்தக் கடலிலே மோதினார். பின்னர் ஏற்பட்ட சமாதானத்தால் திருகோணமலை மீண்டும் ஒல்லாந்தர் கைக்குப் போயிற்று. இவை நூல்களில் உள்ள செய்திகள். நூல்களில் இல்லாத மூன்றாவது வருகை ஒன்றும் உண்டு. 1981இல், என் தாய்மாமா வாங்கிய ஒரு பழைய சைக்கிளாக அது வந்தது. இன்று உங்களோடு பேச நினைப்பது அந்தச் சைக்கிளைப் பற்றியே.

இலக்கிய உரையில் சைக்கிளுக்கு என்ன வேலை என்று கேட்பீர்கள். பொறுத்திருங்கள். பேச்சு முடிவதற்குள் மொழிக்கும் வந்து சேருவோம்.

மாமா அப்போது துறைமுகத்தில் எழுதுவினைஞர். சீனக்குடாப் பக்கம் வந்து நின்ற ஒரு சரக்குக் கப்பலின் பொறியியலாளர், ஊர் திரும்புமுன் தன் சைக்கிளை விற்க விரும்பினாராம். மாமா ஒரு மாதச் சம்பளத்தைக் கொடுத்து வாங்கினார். வீட்டில் அம்மம்மா இரண்டு நாள் அவரோடு கதைக்கவில்லை. நான் அப்போது இரண்டு வயதுக் குழந்தை. பின்னாளில் அம்மா சொல்லித்தான் எனக்கு இது தெரியும்.

அந்தக் காலத்தில் எங்கள் தெருக்களில் ஓடியவை றலி, கம்பர், றட்ஜ் முதலிய ஆங்கிலச் சைக்கிள்கள். கறுப்பு நிறம், நிமிர்ந்த ஹாண்டில், கம்பி பிறேக், கனத்த கரியர். மூட்டை ஏற்றலாம், முன் பாரில் பிள்ளையை இருத்தலாம். மாமாவுடையதோ வெள்ளை நிறம். ஆட்டுக்கடாவின் கொம்பைப் போல வளைந்த ஹாண்டில். மட்கார்ட் இல்லை, கரியர் இல்லை. முன்புறத்தில் ஒரு சிங்க முத்திரை. பெடலின் அருகே இரண்டு பற்சக்கரங்கள், பின் சில்லில் ஐந்து. ஆக, பத்து கியர். ‘பத்துக் கியர் சைக்கிள்’ என்றே எங்கள் ஒழுங்கையில் அதற்குப் பெயர்.

அது பேஜோ நிறுவனத்தின் தயாரிப்பு. பேஜோ என்றதும் இலங்கையில் மூத்தவர்களுக்குக் காரே நினைவுக்கு வரும். ஆனால் அந்த நிறுவனம் காருக்கும் முன்னர் சைக்கிள் செய்தது, சைக்கிளுக்கும் முன்னர் வாளும் அரைவையும் செய்தது. உருக்கு வாள்களுக்குப் பெயர்பெற்றிருந்த அந்தக் குடும்பத்தார் 1840இல் கோப்பி அரைக்கும் யந்திரத்தையும், 1874இல் மிளகு அரைக்கும் யந்திரத்தையும் விற்பனைக்கு விட்டனர். 1882இல் சைக்கிளுக்கு வந்தனர். எங்கள் கரைகளிலிருந்து கப்பலேறிய மிளகு எங்கோ ஒரு பிரெஞ்சு மேசையில் பேஜோவின் பல்லுக்குள் அகப்பட்டிருக்கும். பதிலுக்கு ஒரு சைக்கிள் இங்கே வந்தது என்று நான் வகுப்பில் வேடிக்கையாகச் சொல்வதுண்டு.

இது பந்தயச் சைக்கிளா என்றால், ஆம் என்றும் சொல்லலாம், இல்லை என்றும் சொல்லலாம். 1975இலும் 1977இலும் பேர்னார் தெவனே என்ற வீரர் ‘ரூர் த பிரான்ஸ்’ பந்தயத்தை வென்றது பேஜோ அணிக்காகத்தான். அவ்வகை வீரர்களுக்கான சைக்கிள் மெல்லிய கலப்புருக்குக் குழாய்களால் ஆனது. ஏறக்குறைய 10 கிலோ எடை. மாமாவுடையதைப் போன்றவை, பந்தயத்தில் ஆசைகொண்ட மாணவனுக்கும் தொழிலாளிக்கும் என்று செய்யப்பட்ட தொடக்கநிலைச் சைக்கிள்கள். சாதாரண உருக்குக் குழாய், உருக்கு றிம். எடை ஏறக்குறைய 13 கிலோ. பேஜோவின் ‘யூ ஓ 8’ என்ற மாதிரி இவ்வகையில் பேர்போனது. 1970களின் தொடக்கத்தில் அமெரிக்காவில் சைக்கிள் மோகம் எழுந்தபோது ஏராளமாக விற்றது. மொத்தொபேக்கான், ஜித்தான் முதலிய பிற பிரெஞ்சு நிறுவனங்களும் இதே தரத்தில் செய்தன. மொத்தொபேக்கானின் கைவண்ணம் தமிழ்நாட்டின் எல்லைவரை வந்தது. திருப்பதியில் தயாரான ‘சுவேகா’ மொபெட் அந்த நிறுவனத்தின் உரிமத்தில் செய்யப்பட்டதே.

மலிவுச் சைக்கிளாயினும் அதன் உறுப்புகளில் ஒரு நேர்மை இருந்தது. பிறேக் மஃபக் நிறுவனத்துடையது. இரண்டு கைகள் ஒரு சிறு கம்பியால் நடுவே இணைக்கப்பட்டு, அந்த நடுவைப் பிடித்து மேலே இழுக்கும் அமைப்பு. வீரனின் சைக்கிளிலும் இதே நிறுவனத்தின் இதே முறைப் பிறேக்கைத்தான் பூட்டினார்கள். அதற்கு ஒரேயொரு குறை, கத்தும். மாமா உவர்மலையிலிருந்து இறங்கி வரும்போது அந்தக் கீச்சொலி முதலில் வரும். அம்மம்மா உலையை இறக்குவார். பின்னர்தான் மாமா வருவார்.

இனிக் கியர். கோட்டை வாசலைக் கடந்து, மான்கள் மேயும் மரநிழலூடாகக் கோணேசர் கோயிலுக்குப் போகும் ஏற்றம் உங்களிற் பலருக்குத் தெரியும். றலிச் சைக்கிள்காரர் பாதியில் இறங்கித் தள்ளிக்கொண்டு போவார்கள். மாமா இறங்கமாட்டார். முன்னே 40 பல், பின்னே 28 பல் என்று சங்கிலியை மாற்றிக்கொண்டால், பெடல் ஒரு சுற்றுச் சுற்றும்போது சில்லு ஒன்றரைச் சுற்றுக்கூடச் சுற்றாது. மெதுவாகப் போகலாம், ஆனால் ஏறிவிடலாம். சமதரையில் 52 பல்லும் 14 பல்லுமாக மாற்றினால் ஒரு மிதிக்குச் சில்லு மூன்றே முக்கால் சுற்றை நெருங்கும்.

பயனுள்ள இந்தப் பொறியை எதிர்த்தவர் யார் தெரியுமா? ரூர் த பிரான்ஸ் பந்தயத்தை 1903இல் தொடக்கிய ஆன்றி தெகிராஞ்சே. கியர் மாற்றுவது நாற்பத்தைந்து வயது கடந்தவர்களுக்கே உரியது என்பது அவர் எண்ணம். 1937வரை அந்தப் பந்தயத்தின் தொழில்முறை வீரர்களுக்கு இந்தக் கியர் மாற்றி அனுமதிக்கப்படவில்லை. எனக்கு இப்போது நாற்பத்தாறு வயது. அந்தப் பெரியவரின் அனுமதியோடேயே நான் கியர் மாற்றுகிறேன்.

இந்தப் பொறிக்குப் பிரெஞ்சுக்காரர் வைத்த பெயர் ‘தெரையேர்’. ரயிலைத் தண்டவாளத்திலிருந்து விலக்குவது என்று பொருள்படும் சொல்லிலிருந்து பிறந்தது. சங்கிலியை ஒரு பற்சக்கரத்திலிருந்து தள்ளி அடுத்ததில் விழுத்துவதுதானே அதன் தொழில்! தமிழில் ‘தடம்புரட்டி’ என்று சொல்லிப் பார்த்தேன். மாணவர்கள் சிரித்தார்கள், ஆனால் மறக்கவில்லை.

1990 ஆனியில் யுத்தம் மீண்டும் மூண்டது. எங்கள் குடும்பம் இடம்பெயர்ந்தது. மாமா கொழும்புக்குப் போய், அங்கிருந்து பல நாடுகள் தாண்டிக் கடைசியில் பாரிஸ் நகரைச் சேர்ந்தார். சைக்கிள் வந்த நாட்டுக்கு மாமா போய்விட்டார். மாமாவின் ஊரில் சைக்கிள் நின்றுவிட்டது. போகுமுன் அதைத் தனக்குப் பழக்கமான சைக்கிள் கடை நானாவிடம் ஒப்படைத்திருந்தார். நானா அதைக் கடையின் கூரை வளையில் கட்டித் தொங்கவிட்டார். 2004 மார்கழியில் கடல் உள்ளே வந்தபோது நானா இழந்தவை பல. வளையில் தொங்கிய சைக்கிள் மட்டும் அப்படியே இருந்தது.

யாழ்ப்பாணத்திலிருந்த சித்தி குடும்பத்துக்கும் அந்த ஆண்டுகளில் சைக்கிளே துணை. 1990களின் முற்பகுதியில் அங்கே மின்சாரம் இல்லை, எரிபொருளுக்கும் மின்கலத்துக்கும் தடை. சைக்கிளை நிறுத்தி வைத்து ஒருவர் பெடலைச் சுற்ற, டைனமோவில் பிறக்கும் மின்சாரத்தில் மற்றவர்கள் வானொலிச் செய்தி கேட்டார்கள். சுற்றுபவரின் கை சோர்ந்தால் செய்தி வாசிப்பவரின் குரலும் சோரும். ஒவ்வொரு முறை வானொலி நிலையத்தின் ஒலிவாங்கிமுன் அமரும்போதும் எனக்கு அது நினைவுக்கு வரும். ஒரு சொல்லைக் கேட்பதற்காக ஒரு மனிதன் வியர்வை சிந்தினான் என்றால், பேசுபவன் வீண்சொல் பேசலாமா?

2022க்கு வருவோம். பெற்றோல் இல்லாத அந்த மாதங்களை யாரும் மறந்திருக்கமாட்டீர்கள். வரிசையில் இரவு பகலாக நின்றோம். ஆனியிலும் ஆடியிலும் பாடசாலைகள் மூடப்பட்டன. திறந்தபோது நான் எப்படிப் போவது? புதுச் சைக்கிளின் விலை எட்டாத உயரத்துக்குப் போயிருந்தது. நானாவிடம் போய்ச் சைக்கிளை இறக்கினேன்.

முப்பத்திரண்டு வருடம் தொங்கிய சைக்கிள். பிறேம் நன்றாகவே இருந்தது. றிம்மில் மேலோட்டமான துரு. ஆனால் சிம்ப்ளெக்ஸ் நிறுவனத்தின் தடம்புரட்டி கையிலே உடைந்து வந்தது. காரணம் உண்டு. பாரத்தையும் செலவையும் குறைக்கவென்று 1960களில் அந்த நிறுவனம் அதனை ‘டெல்றின்’ என்ற பிளாஸ்ரிக்கில் செய்யத் தொடங்கியது. புதிதில் மிருதுவாக வேலை செய்யும். காலம் போகப்போக வெடிக்கும். பெடல்களும் பழுதாகியிருந்தன.

நானாவின் கடையில் அப்போது நிற்க இடமில்லை. ஊர் முழுக்கச் சைக்கிளைத் தூக்கிக்கொண்டு வந்திருந்தது. அவசரத்தில் நான் வேறோர் இடத்துக்குக் கொண்டுபோனேன். அங்கிருந்த இளைஞர் சாதாரணக் கடைப் பெடலை எடுத்து வலப்பக்கக் கிராங்கில் பூட்டினார். இரண்டு சுற்றுப் போய் இறுகிவிட்டது. ஸ்பனரின் பிடியில் குழாயொன்றை மாட்டி அமுக்கினார். கிறீச்சென்று உள்ளே போயிற்று, சரிந்தபடி. எனக்கு நெஞ்சு திக்கென்றது. ஆனாலும் பேசாமல் நின்றேன். குற்றம் அவருடையது மட்டுமல்ல. அறியாமையும் அவசரமும் என்னுடையவைதாம்.

மீண்டும் நானாவிடம் போனேன். அவர் பெடலைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

“சேர், இது நம்மட புரி இல்ல. இது பிரெஞ்சுப் புரி. மாமா சொல்லலையா?”

திருகாணியின் சுற்று வரியைத்தான் நானா புரி என்றார். புரி என்றால் முறுக்கு. கயிற்றின் இழை புரி. பூணூல் முப்புரி நூல். ‘விளங்கு’ என்ற பொருளிலும் புரி என்கிறோம். அன்று எனக்கு இரண்டு புரியும் சேர்ந்தே வந்தன.

உலகில் பல நாடுகள் ஆங்கில அங்குலக் கணக்கில் சைக்கிள் செய்தபோது, பிரான்ஸ் தன் மீற்றர் கணக்கை விடவில்லை. மீற்றர் முறையே அவர்கள் பெற்ற பிள்ளையல்லவா! ஆங்கிலப் பெடலின் அச்சு ஒரு அங்குலத்தைப் பதினாறாகப் பிரித்தால் ஒன்பது பங்கு, அதாவது 14.28 மில்லிமீற்றர், அங்குலத்துக்கு 20 புரி. பிரெஞ்சுப் பெடலின் அச்சு 14 மில்லிமீற்றர். ஒரு புரிக்கும் அடுத்த புரிக்கும் இடையே 1.25 மில்லிமீற்றர். வேறுபாடு கண்ணுக்குத் தெரியாது. முற்றிலும் வேறாக இருந்திருந்தால் அந்த இளைஞர் முயன்றேயிருக்கமாட்டார். ஒன்றுபோலத் தோன்றியதாலேதான் கேடு வந்தது. கிராங்கை அச்சோடு பிணைக்கும் கொட்டர் பின்னும் இப்படியே: ஆங்கிலத்தது 9.5 மில்லிமீற்றர், பிரெஞ்சு 9.

இன்னொரு வேறுபாட்டை நானா காட்டினார். கிராங் அச்சு சுழல்வது பிறேமின் அடியிலுள்ள குழலில். அதன் இரு பக்கமும் குண்டுகளைத் தாங்கும் கோப்பைகள் உண்டு. ஆங்கிலச் சைக்கிளில் இடப்பக்கக் கோப்பை வலப்புறம் திருகினால் இறுகும்; வலப்பக்கக் கோப்பையோ இடப்புறம் திருகினால்தான் இறுகும். பிரெஞ்சுச் சைக்கிளில் இரண்டும் வலப்புறமே. சங்கு விற்கும் ஊர்க்காரனுக்கு இதை விளக்க வேண்டுமா? ஒன்று வலம்புரி, மற்றது இடம்புரி. பெடல் மிதிக்கும்போது சுழலும் அச்சும் குண்டுகளும் வலப்பக்கக் கோப்பையை மெல்லமெல்ல எதிர்த்திசையில் நகர்த்தப் பார்க்கும். அது இடம்புரியாக இருந்தால் மேலும் இறுகும். வலம்புரியாக இருந்தால் தளரும். சங்கில் வலம்புரிக்கு மதிப்பு. சைக்கிளின் அந்த இடத்தில் இடம்புரிக்கே மதிப்பு. பிரெஞ்சுக் கோப்பையை உடல் வலுவெல்லாம் சேர்த்து இறுக்க வேண்டும் என்றார் நானா.

மீற்றர் புரி அழிந்ததும் ஒரு கதை. ஜப்பானியத் தடம்புரட்டிகள் மலிவிலும் தரத்திலும் முந்தின. உலகச் சந்தை வேண்டுமென்றால் உலகத்தின் புரி வேண்டும் என்ற நிலை வந்தது. 1970களின் பிற்பகுதியிலிருந்து பிரெஞ்சு நிறுவனங்கள் தங்கள் புரியைக் கைவிடத் தொடங்கின. ஆனால் எல்லாவற்றிலும் அவர்கள் தோற்றார்கள் என்று எண்ணவேண்டாம். மாமாவின் சில்லு ‘700 சி’ என்ற பிரெஞ்சு அளவு. ரயர் எங்கே கிடைக்கப்போகிறது என்று பயந்திருந்தேன். கொழும்பிலிருந்து அடுத்த கிழமையே வந்தது. ஏனெனில் இன்று உலகமெங்கும் பந்தயச் சைக்கிளின் அளவு அதுவே. புரியில் தோற்றவர்கள் சில்லில் வென்றிருக்கிறார்கள். சங்கிலியின் கண்ணியோ இரு நாட்டிலும் ஒன்றுதான், அரை அங்குலம். மீற்றர் நாட்டுச் சைக்கிளும் அங்குலச் சங்கிலியிலேயே ஓடிற்று.

இப்போது நான் ஒரு முடிவெடுக்க வேண்டியிருந்தது. எல்லாவற்றையும் நம்மூர்ப் புரிக்கு மாற்றிவிடுவதா? ஒன்றையும் மாற்றாமல் மீண்டும் வளையில் தொங்கவிடுவதா? பாரிசுக்குத் தொலைபேசியில் கதைத்தேன். “ஒண்டையும் மாத்தாதை தம்பி” என்றார் மாமா. எனக்கோ காலையில் பாடசாலைக்குப் போக வேண்டும்.

வழி சொன்னவர் நானா. “கிராங்குக்குப் புரி மாத்தலாம் சேர். பதினாலு ஓட்டையைக் கொஞ்சம் பெருசாக்கி நம்மட புரியை வெட்டலாம். வெட்ட இரும்பு இருக்கு. பிறேமில கை வைக்காதீங்க. அந்தக் குழல் முப்பத்தஞ்சு. நம்மட கப் அதைவிடச் சின்னது. பெரிய ஓட்டையில சின்னப் புரி வெட்டேலாது. வெட்டினா ரெண்டும் இல்ல.”

அப்படியே செய்தோம். கிராங் இரண்டிலும் ஆங்கிலப் புரி வெட்டிச் சாதாரணப் பெடல் பூட்டினோம். உடைந்த சிம்ப்ளெக்சுக்குப் பதிலாகப் பாவித்த ஜப்பானியத் தடம்புரட்டி ஒன்று வந்தது. பழையது ஒரு தனித் தகட்டினால் பிறேமில் பிடிக்கப்பட்டிருந்ததால் புதியதும் அவ்வாறே அமர்ந்தது, பிறேமுக்குச் சேதமில்லை. அடிக்குழலில் புதுக் குண்டு, புதுக் கிறீஸ். தேய்ந்த வலப்பக்கக் கோப்பையை மட்டும் அப்படியே விட்டோம். சிறு கறகறப்பு இருந்தது. அதோடே அந்த வருடம் முழுவதும் பாடசாலை போனேன்.

நேயர்களே, நானா அன்று சொன்னதை நான் சைக்கிளுக்கு மட்டும் எடுத்துக்கொள்ளவில்லை. சுவாமி விபுலாநந்தர் விஞ்ஞானம் கற்றவர், எங்கள் திருகோணமலை இந்துக் கல்லூரியிலும் பணிபுரிந்தவர், 1930களில் சென்னையில் தமிழ்க் கலைச்சொல்லாக்கப் பணிக்குத் தலைமை தாங்கியவர். அன்றிலிருந்து இன்றுவரை சொல்லாக்கத்தில் இரு கட்சி உண்டு. ஒன்று, வந்த சொல்லையெல்லாம் அப்படியே ஏற்போம் என்பது; மற்றது, ஒன்றையும் ஏற்கோம் என்பது. சைக்கிளுக்கே ‘துவிச்சக்கரவண்டி’ என்று எங்கள் பாடநூல் சொல்லும். தமிழ்நாட்டில் ‘மிதிவண்டி’ என்பர். தனித்தமிழ் அன்பர் ‘ஈருருளி’ என்பர். கடையிலே எல்லாருக்கும் அது சைக்கிள்தான். பெடல், கிராங், செயின் என்று வந்த சொற்கள் தேயும், மாறும். மாற்றிக்கொள்ளலாம், அதற்கு இரும்பு இருக்கிறது. வாக்கியம் தமிழாக முடியும் விதம், வினை எழுவாயோடு இசையும் விதம், உறவுக்கும் மரியாதைக்கும் ஏற்பச் சொல் வளையும் விதம் ஆகிய இவை பிறேம். இன்றைய பிள்ளைகளின் கட்டுரைகளைத் திருத்தும்போது ஆங்கிலச் சொற்கள் என்னைக் கலக்குவதில்லை. தமிழ்ச் சொற்களாலேயே ஆன ஆங்கில வாக்கியம்தான் கலக்குகிறது. ஒன்றுபோலத் தோன்றும், இரண்டு சுற்றுப் போகும், பின்பு சரிந்து இறுகும். அந்தக் கிறீச்சொலி என் காதில் கேட்கும்.

2023 ஆவணியில் மாமா வந்தார். எழுபதைக் கடந்துவிட்டார், முழங்காலில் வலி. பயணப்பெட்டியைத் திறந்து, சொக்கலேட்டுக்கும் சேட்டுக்கும் அடியிலிருந்து காகிதத்தில் சுற்றிய ஒரு பொருளை எடுத்தார். 35 மில்லிமீற்றர் கோப்பை. பாரிசின் பழம்பொருட் சந்தையொன்றில் பல ஞாயிறு தேடி எடுத்தாராம். நானாவின் கடைக்குப் போனோம். முப்பத்துமூன்று வருடத்துக்குப் பிறகு இருவரும் சந்தித்தார்கள். இருவரும் அதிகம் பேசவில்லை. நானா பழைய கோப்பையைக் கழற்றினார். புதியதை வைத்து, விரலாலேயே சுற்றினார். கடைசிவரை தடையின்றிப் போயிற்று. பிறகு ஸ்பனரை மாட்டி, மூன்று பேரும் சேர்ந்து இறுக்கினோம்.

மாற்றிய பெடலையும் ஜப்பானியத் தடம்புரட்டியையும் மாமா பார்த்தார். கோபிப்பார் என்று நினைத்தேன். ஒன்றும் சொல்லவில்லை. ஹாண்டிலைப் பிடித்துக் கடை வாசலில் நாலடி தள்ளிப் பார்த்து, பிறேக்கை அழுத்தினார். அது கத்தியது.

“அதே சத்தம்” என்றார் மாமா.

இன்று என் மகன் அதில் கோணேசர் கோயில் ஏற்றத்தை ஏறுகிறான். பாதியில் இறங்குவதில்லை. திரும்பி வரும்போது எங்கள் வீட்டிலும் இப்போது அந்தக் கீச்சொலி முதலில் வருகிறது.